ஈயக்குண்டு: வார்த்தது யாரு, வாங்கினது யாரு?

ஈயம்னு சொன்னா உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? நம்மாளுங்கள்ல பாதிப் பேருக்கு ரசம்தான். ஈயச்சொம்புல வெச்ச ரசத்துக்கு ஈடு இணை கிடையாது, ஒத்துக்கறேன். ஆனா அந்தச் சொம்பு வெள்ளீயம். பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசுறாங்களே, அதுவும் வெள்ளீயம். நான் இன்னிக்குப் பேசப் போறது அதோட கருப்பு அண்ணன், காரீயத்தைப் பத்தி. (மறந்தும் இதுல ரசம் வெச்சிடாதீங்க. விஷம்!)

எங்க மீன்சுருட்டிப் பக்கம் காரீயம்னா வீச்சுவலைதான். கொள்ளிடத்துலயும் ஏரிகள்லயும் வலை வீசறவங்க, வலையோட விளிம்புல ஈயக்குண்டு கோத்திருப்பாங்க. அந்த கனம் இருந்தாத்தான் வலை சட்டுனு தரைக்குப் போகும், மீன் மாட்டும். பழைய ஈயத்தை இரும்புக் கரண்டியில போட்டு விறகடுப்புல உருக்கி அச்சுல ஊத்தறதை சின்ன வயசுல வாயைப் பொளந்து பார்த்திருக்கேன். பெரிய உலை வேணாம், துருத்தி வேணாம். 327 டிகிரியில காரீயம் தண்ணியா ஓடிடும். இரும்பு உருக அதைப்போல நாலு மடங்குக்கு மேல சூடு வேணும்.

இந்த ஒரு குணத்தாலதான் நாலு நூறு வருஷமா உலகத்துச் சண்டையெல்லாம் நடந்துச்சு. துப்பாக்கிக் குண்டுக்கு வேண்டியது மூணு விஷயம். கனமா இருக்கணும், சுலபமா உருகணும், குழலை அறுக்காத அளவுக்கு மெத்துனு இருக்கணும். மூணும் ஒண்ணா, அதுவும் மலிவா, காரீயத்துல இருந்துச்சு. துப்பாக்கி செய்யத் திறமையான ஆசாரி வேணும். மருந்துக்கு வெடியுப்பு, கந்தகம், கரின்னு மூணு சரக்கு சேரணும். ஆனா குண்டு? அடுப்பும் கரண்டியும் இடுக்கி மாதிரி ஒரு அச்சும் இருந்தா யார் வேணும்னாலும் வார்க்கலாம்.

அமெரிக்காவுல நடந்த கூத்தைக் கேளுங்க. 1776 ஜூலை 9-ஆம் தேதி நியூயார்க்குல இருந்த மூணாம் ஜார்ஜ் ராஜாவோட ஈயச் சிலையை ஜனங்க கயிறு கட்டி இழுத்துத் தள்ளினாங்க. சிலைத் துண்டுகளை கனெக்டிகட்ல லிட்ச்ஃபீல்டுங்கற ஊருக்கு வண்டியில கொண்டு போனாங்க. அங்க வீட்டுப் பொம்பளைங்களும் பிள்ளைங்களும் உக்காந்து உருக்கி வார்த்த குண்டு மொத்தம் 42,088. கணக்கு எழுதி வெச்சிருக்காங்க! ராஜாவை உருக்கி ராஜாவோட சிப்பாய் மேலயே சுட்டாச்சு.

இந்தக் கதையில எனக்குப் பிடிச்சது சிலை விழுந்தது இல்லை, அந்தப் பிள்ளைங்க கையில இருந்த அச்சு. துப்பாக்கி வரலாறு எழுதறவங்க பெரும்பாலும் துப்பாக்கியைப் பத்தியே எழுதறாங்க. குண்டை வார்த்தது யாரு, வார்க்கக் கூடாதுன்னு சொன்னது யாருங்கறதுதான் நிஜமான சரித்திரம்னு எனக்குத் தோணுது. எங்க ஊர்ப் பக்கத்துலேர்ந்தே ஆரம்பிக்கிறேன்.

நம்ம பாளையங்களும் கம்பெனியின் மஸ்கட்டும்

மீன்சுருட்டிக்கு மேற்கே ஜெயங்கொண்டம், அதைத் தாண்டினா உடையார்பாளையம், இன்னும் மேற்கே அரியலூர். கடைசி ரெண்டும் பாளையக்காரர் ஊருங்க. 1764 நவம்பர்ல ஆற்காட்டு நவாப் முகமது அலி, இந்த ரெண்டு பேரும் பேஷ்குஷ் (கப்பம்தான்) கட்ட மாட்டேங்கறாங்கன்னு மெட்ராஸ் கவுன்சில்ல போய் முறையிட்டார். கம்பெனி படை அனுப்புச்சு. நவாப்போட மகன் உம்தத்-உல்-உமராவும் டொனால்ட் கேம்பெல்லும் 1765 ஜனவரி 3-ஆம் தேதி அரியலூருக்குள்ள நுழைஞ்சாங்க. அரியலூர்ப் பாளையக்காரர் உடையார்பாளையத்துக்குப் போனார். 19-ஆம் தேதி படை அங்கயும் கிளம்புச்சு. பாளையத்து ஆளுங்க தோத்தாங்க. ரெண்டு பாளையக்காரர்களும் டேனிஷ்காரங்க கையில இருந்த தரங்கம்பாடியில போய்த் தஞ்சம் புகுந்தாங்க.

அந்தக் காலத்துப் பாளையத்து ஆளுங்க கையில ஈட்டியும் தீத்திரித் துப்பாக்கியும்தான் அதிகம். தீத்திரின்னா, கனியற கயிறு ஒண்ணை மருந்துல வெச்சு சுடறது. கம்பெனிச் சிப்பாய் கையில சக்கிமுக்கிக் கல் வெச்ச மஸ்கட். "பிரவுன் பெஸ்"னு செல்லப் பேர். அதுல கம்பெனி தனக்குன்னு 39 அங்குலக் குழலோட ஒரு மலிவான மாதிரி செஞ்சுகிட்டது. பேரே "இந்தியா பேட்டர்ன்"! 1790-கள்ல பிரான்சோட சண்டை வந்து துப்பாக்கி பத்தாமப் போனப்ப, பிரிட்டிஷ் ராணுவமே கம்பெனிகிட்ட இதை வாங்கி, அப்புறம் அதையே தன்னோட மாதிரியா வெச்சுகிட்டது. பின்னால நெப்போலியனை எதிர்த்து நின்னவங்க கையிலயும் நம்ம பேர் வெச்ச துப்பாக்கிதான்.

இந்த மஸ்கட்டோட குழல் வாய் முக்கால் அங்குலம். குண்டு ஏறக்குறைய 0.69 அங்குலம். வேணும்னேதான் சின்னதா வெச்சாங்க. கருமருந்து சுடச்சுடக் குழலுக்குள்ள கரி கட்டிக்கும். குண்டு கச்சிதமா இருந்தா அஞ்சாறு தடவை சுட்டதும் உள்ளே இறங்காது. லூசா இருந்தா கடகடன்னு இறங்கும், நிமிஷத்துக்கு மூணு தடவை சுடலாம். ஆனா குழலுக்குள்ள இங்கயும் அங்கயும் மோதிகிட்டு வெளிய வர்ற உருண்டை எந்தப் பக்கம் போகும்னு அதுக்கே தெரியாது. நூறு கெஜத்துக்கு அப்பால குறி வெக்கறது வீண் வேலை. அதான் வரிசையா நிக்க வெச்சு ஒண்ணா சுட்டாங்க. 1781 ஜூலை 1-ல இங்கேருந்து கிழக்கே இருக்கிற பரங்கிப்பேட்டையில ஐர் கூட்டும் ஹைதர் அலியும் மோதினாங்களே, அங்கயும் கம்பெனிக்குக் கை கொடுத்தது இந்த வரிசை வெடிதான்.

அதாவது குண்டு விஷயத்துல பாளையத்து ஆளும் கம்பெனிச் சிப்பாயும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். ரெண்டும் வார்த்த ஈய உருண்டை. கம்பெனிக்காரன் காகிதத்துல அளவா மருந்தும் குண்டும் சேர்த்துச் சுருட்டி வெச்சிருந்தான். பல்லால கடிச்சு, மருந்தைக் கொட்டி, குண்டைப் போட்டு, கம்பியால இடிச்சு... இதை ஒரே தாளத்துல செய்யப் பழக்கினான். ஜெயிச்சதுல பாதி இந்தப் பழக்கம்.

அந்த சமத்துவம் ரொம்ப நாள் நீடிக்கல. 1801-ல தெற்கே பாஞ்சாலங்குறிச்சி, சிவகங்கைன்னு பெரிய சண்டை நடந்து முடிஞ்சதும், டிசம்பர் 1-ஆம் தேதி மெட்ராஸ் கவர்னர் எட்வர்ட் கிளைவ் (ராபர்ட் கிளைவோட மகன்தான்) ஒரு பிரகடனம் போட்டார். பாளையக்காரங்க கோட்டைகளை இடிக்கணும், ஆயுதம் வெச்சிருக்கக் கூடாது. அச்சும் கரண்டியும் ஊர்ல இருந்திருக்கும், உபயோகம் போச்சு.

கடிக்கச் சொன்ன தோட்டா

அடுத்த ஐம்பது வருஷத்துல குண்டோட உருவமே மாறிடுச்சு. 1849-ல பிரெஞ்சுக்காரர் மினியே ஒரு தந்திரம் கண்டுபிடிச்சார். உருண்டைக்குப் பதிலா நீளமான கூம்பு, அடியில குழிவு. போடும்போது லூசா இறங்கும். சுட்டதும் மருந்தோட வாயு குழிவுல அழுத்தி, மெத்துனு இருக்கிற ஈயத்தை விரிச்சு, குழல் மரைகளைக் கவ்விக்கும். குண்டு பம்பரம் மாதிரி சுத்திகிட்டே போகும். இதே அடிப்படையில வந்ததுதான் 1853-ஆம் வருஷத்து என்ஃபீல்டு, 0.577 அங்குலம், 34 கிராம் குண்டு. நூறு கெஜத்துக்கே தடுமாறின வேலை பல நூறு கெஜத்துக்குப் போச்சு.

ஆனா மரைக்குள்ள இறங்கணும்னா குண்டைச் சுத்தின காகிதத்துக்குக் கொழுப்பு தடவணும். மீதிக் கதை நமக்குப் பள்ளிக்கூடத்துலயே தெரியும். பசுக் கொழுப்பு, பன்றிக் கொழுப்பு, 1857. பள்ளிக்கூடத்துல சொல்லாத ஒரு துண்டு இருக்கு. 1857 ஜனவரியில கல்கத்தா பக்கம் டம்டம்ல வதந்தி கிளம்பினதும், அந்த மாசக் கடைசியிலேயே அரசாங்கம் உத்தரவு போட்டது. தோட்டாவைக் கொழுப்பு தடவாமலே கொடுக்கறோம், சிப்பாய்கள் தங்களுக்குப் பிடிச்சதைத் தாங்களே தடவிக்கலாம்னு. தேன்மெழுகு, எண்ணெய், நெய் மாதிரி எதுவும் சரி. அப்புறம் பல்லால கடிக்க வேணாம், கையால கிழிச்சாப் போதும்னு பயிற்சியையும் மாத்தினாங்க.

எதுவும் எடுபடல. கொழுப்பு போனா காகிதம் பளபளன்னு இருக்கே, அதுல என்ன கலந்திருக்குன்னு கேட்டாங்க. பிப்ரவரி 26-ல பெர்ஹாம்பூர்ல 19-வது படைப்பிரிவு தோட்டா வாங்க மறுத்தது. மார்ச் 29-ல பாரக்பூர்ல மங்கள் பாண்டே. ஏப்ரல் 24-ல மீரட்ல 85 குதிரைப்படை வீரர்கள் மறுத்தாங்க. இத்தனைக்கும் அவங்களுக்குக் கொடுத்தது பழைய மாதிரித் தோட்டாதான்! மே 10-ல மீரட் எரிஞ்சுது.

மதம், சம்பளம், அயோத்தி சமஸ்தானம்னு ஆயிரம் காரணம் சொல்லலாம், எல்லாமே உண்மை. எனக்குத் தெரியறது இன்னொண்ணு. யாரோ ஒரு ஆயுதச் சாலையில, யாரோ எதையோ கலந்து, சுருட்டி அனுப்பினதை வாயில வெச்சுக் கடின்னு சொல்றான். செஞ்சவன் மேல நம்பிக்கை போயிடுச்சு. அதுக்கப்புறம் நெய் தடவிக்கோன்னு சொன்னா யாரு கேப்பா?

(நம்ம மெட்ராஸ் ராணுவம் பெரும்பாலும் இதுல சேரல. ஆனா 51 வருஷம் முன்னாடியே, 1806 ஜூலை 10-ல வேலூர்ல தலைப்பாகை விவகாரத்துல அவங்க ஒரு ஆட்டம் ஆடி முடிச்சிருந்தாங்க!)

ஒரு தலைமுறை பின்னாடி

கலகம் அடங்கினதும் பிரிட்டிஷ்காரன் ரெண்டு முடிவு எடுத்தான். முதலாவது, இந்தியச் சிப்பாய்க்கு என்னிக்கும் ஒரு தலைமுறை பழைய துப்பாக்கி. என்ஃபீல்டு மாதிரியே வெளிய தெரியும், உள்ளே மரை இல்லாத குழல். இப்படியே செஞ்சு கொடுத்தாங்க. வெள்ளைக்காரன் மார்ட்டினி-ஹென்றிக்கு மாறினப்ப நம்மாளுக்கு ஸ்னைடர். அவன் லீ-மெட்ஃபோர்டுக்குப் போனப்ப நம்மாளுக்கு மார்ட்டினி.

ரெண்டாவது, 1878-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம். இந்தியன் துப்பாக்கி வெச்சுக்கவும், தோட்டா செய்யவும் லைசென்ஸ் வேணும். வெள்ளைக்காரங்களுக்கு விலக்கு. இந்த பேதம்தான் ஜனங்களுக்கு உறுத்துச்சு. 1887 டிசம்பர்ல மெட்ராஸ்ல நடந்த மூணாவது காங்கிரஸ் மாநாட்டுல இந்தச் சட்டத்தை எதிர்த்து விவாதமே நடந்தது. வங்காளத்துலேர்ந்து வந்த பிபின் சந்திர பால் இதை ரத்து செய்யணும்னு பேசினார். சுட ஆசைப்பட்டு கேட்டதில்லை. சொந்த நாட்டுல நம்பத் தகாதவன்னு முத்திரை குத்தினதுக்கு வந்த கோபம்.

குடகுக்காரங்க மட்டும் தப்பிச்சாங்க. 1857-ல விசுவாசமா இருந்தாங்கன்னு 1861-லேயே அவங்களுக்கு விலக்கு கொடுத்தாச்சு. அந்த விலக்கு சுதந்திர இந்தியாவுலயும் தொடருது. 2019-ல மத்திய அரசு அதை 2029 வரைக்கும் நீட்டிச்சது. ஒரே நாடு, ஒரே ஈயம், ஆளுக்கு ஒரு சட்டம்.

இதுக்குள்ள குண்டே கை விட்டுப் போயிடுச்சு. மார்ட்டினி-ஹென்றி வரைக்கும் 31 கிராம் ஈயக்குண்டுதான். 12 பங்கு ஈயத்துக்கு ஒரு பங்கு வெள்ளீயம் கலந்து கொஞ்சம் இறுக்கி, காகிதம் சுத்தினது. அடுத்து 1888-ல .303 வந்தது. குண்டு சின்னது, வேகம் பயங்கரம். அந்த வேகத்துல வெறும் ஈயம் மரையில இழுபட்டு, குழலுக்குள்ள அப்பிக்கும். அதனால ஈயத்துக்கு மேல செம்பும் நிக்கலும் கலந்த உறை. உறை போட அச்சும் கரண்டியும் போதாது. பெரிய மிஷின் வேணும். அதோட வீட்டு அடுப்புக்கும் ராணுவத் துப்பாக்கிக்கும் இருந்த உறவு முடிஞ்சுது.

இதுலயும் நம்ம நாட்டுப் பேர் ஒண்ணு கெட்ட விதமா உலகப் புகழ் அடைஞ்சுது. 1895 சித்ரால் சண்டையில உறை போட்ட குண்டு ஆளை ஊடுருவிப் போயிடுது, விழ மாட்டேங்கறான்னு புகார். டம்டம் ஆயுதச் சாலையில கேப்டன் பெர்ட்டி-கிளே, நுனியில மட்டும் உறையை விட்டு ஈயம் வெளிய தெரியற மாதிரி செஞ்சார். பட்டதும் காளான் மாதிரி விரியும். 1899 ஹேக் மாநாட்டுல இந்த வகைக் குண்டைத் தடை செஞ்சாங்க. பிரிட்டன் 1907 வரைக்கும் அதுக்குத் தலையாட்டல. இன்னிக்கும் உலகம் பூரா விரியற குண்டுக்கு "டம்டம்"னுதான் பேர்.

.303 என்ஃபீல்டு இஷாப்பூர் தொழிற்சாலையில நம்ம நாட்டுலயே தயாராச்சு. அதையே குழலை அகலமாக் குடைஞ்சு, மரையை எடுத்து, மேகசினை அடைச்சு, ஒத்தைத் தோட்டா போடற .410 மஸ்கட்டா மாத்தி போலீசுக்குக் கொடுத்தாங்க. 1858-ல செஞ்ச அதே வேலை! சுதந்திரத்துக்கு அப்புறமும் ரொம்ப காலம் அது ஸ்டேஷன்கள்ல நின்னுது. .303-க்கு உத்தரப் பிரதேச போலீஸ் விடை கொடுத்தது 2020 குடியரசு தினத்துலதான்.

இன்னும் வார்க்கிறவங்க

.303-க்குக் கையாலயே குண்டு வார்க்கிறவங்க இன்னிக்கும் இருக்காங்க. அமெரிக்கா, கனடா மாதிரி சட்டம் விடற நாடுகள்ல அது ஒரு பொழுதுபோக்கு. உறை போட்ட குண்டுக்குன்னு செஞ்ச துப்பாக்கியில வெறும் ஈயத்தைச் சுட என்னென்ன தகிடுதத்தம் தெரியுமா? யுத்த காலத்து அவசரத்துல செஞ்ச குழல் ஒவ்வொண்ணும் ஒவ்வொரு அளவு. 7.9 மில்லிமீட்டர் இருக்க வேண்டியது 8-ஐத் தாண்டியும் இருக்கும். அதனால முதல்ல ஒரு மெத்தான ஈயத் துண்டைக் குழல் வழியா இடிச்சு வெளிய தள்ளி, அதுல பதிஞ்ச மரையை அளக்கணும். அதைவிட மயிரிழை பெருசா குண்டு வார்க்கணும். சின்னதா இருந்தா வாயு ஓரமாப் பாய்ஞ்சு ஈயத்தை உருக்கிடும். அடியில செம்புத் தொப்பி ஒண்ணு மாட்டணும். வேகத்தையும் குறைச்சுக்கணும்.

ஈயத்தை இறுக்க அவங்க தேடி அலையற சரக்கு எது? பழைய அச்சு எழுத்து! லைனோடைப் உலோகம்னா 84 பங்கு காரீயம், 12 ஆன்டிமனி, 4 வெள்ளீயம். நம்ம அச்சகங்கள்ல கேஸ்ல அடுக்கியிருந்த அ, ஆ, இ-யும் இதே குடும்பம்தான். கம்ப்யூட்டர் வந்ததும் அதெல்லாம் கிலோ கணக்குல பழைய சாமான் கடைக்குப் போச்சு. அப்பதான் தரங்கம்பாடி ஞாபகம் வந்தது. நம்ம பாளையக்காரங்க தஞ்சம் போன அதே ஊர்லதான் அதுக்கு ஐம்பது வருஷம் முன்னாடி சீகன்பால்க் தமிழ் அச்சகம் வெச்சார். ஈயத்துக்கு என்ன, ஊத்தற அச்சைப் பொறுத்து எழுத்தாவும் ஆகும், குண்டாவும் ஆகும்.

இன்னொண்ணு: குண்டு வழுக்கறதுக்கு அவங்க தடவறது பெரும்பாலும் தேன்மெழுகு கலந்த பசை. ஆமா, 1857-ல ரொம்ப லேட்டா சொன்ன அதே தேன்மெழுகு. தானே வார்த்து, தானே தடவறதால சந்தேகமே வரல பாருங்க.

நம்ம பக்கம் இந்தக் கைவேலையோட கடைசி மிச்சம் நரிக்குறவர்கள்தான். பெரம்பலூர் மாவட்டத்துல அவங்க குடியிருப்புகள் உண்டு. அவங்களோட ஒத்தைக் குழல் நாட்டுத் துப்பாக்கி, வாய் வழியா மருந்து போட்டு, நார் வெச்சு இடிச்சு, ஈய ரவை போடறது. பிரவுன் பெஸ்ஸோட தம்பி. பின்னால ஈயத்துக்குப் பதிலா சைக்கிள் பால்ரஸ்ஸும் புகுந்துடுச்சு. 1972 வன உயிரினச் சட்டம் வந்ததும் அவங்க வேட்டை குற்றமாச்சு. கொக்கும் மடையானும் பிழைச்சது நல்லதுதான், மறுக்கல. 1999-ல சரணாலயமாகி 2024-ல ராம்சார் பட்டியல்ல சேர்ந்த நம்ம கரைவெட்டி மாதிரி ஏரிகளுக்கு ஈய ரவை விஷம்தான். அதைத் தின்ன வாத்து செத்துப் போகும். ஐரோப்பிய ஒன்றியம் 2023 பிப்ரவரியிலேர்ந்து ஈரநிலங்கள்ல ஈய ரவைக்கே தடை போட்டிருக்கு.

ஆனா வேட்டையை எடுத்த கை வேறெதையாவது கொடுத்துச்சா? பழங்குடிப் பட்டியல்ல சேர்க்கணும்னு அவங்க கேட்டது நடக்க 2023 ஜனவரி ஆச்சு. நடுவுல 50 வருஷம் ஊசி, பாசிமணி வித்தே ஓடிடுச்சு.

1801, 1878, 1972. மூணு சட்டம், மூணுக்கும் வேற வேற காரணம். கடைசியில இருக்கிற காரணம் நியாயமானது, முதல் ரெண்டும் சுயநலம். இதைப் பிரிச்சுப் பார்க்கணும். ஆளாளுக்குக் குண்டு வார்க்கற நாடு எனக்கு வேணாம். (லைசென்ஸ் இல்லாமத் தோட்டா செஞ்சா 1959 சட்டப்படி ஜெயில்தான். யாரும் விளையாட்டுக்குக்கூட இறங்காதீங்க.) ஆனா எடுக்கும்போது யார்கிட்ட எடுத்தாங்க, யாருக்கு விட்டு வெச்சாங்கன்னு பார்த்தா ராஜாங்கம் யாரைப் பார்த்து பயந்துச்சு, யாரை மனுஷனாவே கணக்குல வெக்கலைங்கறது தெரிஞ்சுடும்.

உங்க ஊர் ஜமீன் வீட்டுலயோ கோயில் வேட்டுக்காரர் வீட்டுலயோ பழைய குண்டு அச்சு கிடந்து பார்த்திருந்தா சொல்லுங்க மக்கா. வீச்சுவலைக் குண்டு அச்சா இருந்தாலும் சரி.